நாலு டிகிரி

மே 6, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிரிசில்லா இந்த நோட்டைப் போடச் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஒரு நாளில் என்ன பேசுகிறார், எத்தனை முறை, எதைக் கேட்பதற்காக என்று நான் குறித்து வைக்க வேண்டுமாம்.

குறிப்பதற்கு அதிகம் இல்லை. பிப்ரவரி பதினொன்றாம் தேதி கோல்ஃப் மைதானத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போனது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வருகிறது. "கை."

இன்று: கை, 14 முறை. காப்பிக்கும் அதேதான், ஃபேனைக் குறைக்கவும் அதேதான்.

காலையில் ராயப்பன் வந்ததும் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விட்டு எட்டேகாலுக்குத் திரும்பினேன். ராயப்பன் இவரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் அமர்த்தியிருக்கும் நர்சிங் உதவியாளர். ஐம்பது வயது, பொறுமைசாலி. நான் வெளியே போய் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வெட்ஜ் இன்றும் சரியில்லை.

மே 9, வியாழன்

கை, 11. இட்லி இரண்டு, மசித்து. மலச்சிக்கல்.

பிரிசில்லாவுக்கு வெட்ஜ் என்றால் என்னவென்று தெரியாது. குழி இருக்கும் வெட்டிய புல்தரையான கிரீனுக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போடுவதற்கான மட்டை அது. முப்பது அடி தூரம், குழந்தை எறிகிற தூரம். நான் அடித்தால் மட்டை பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே மண்ணில் குத்தி நின்றுவிடும். பந்து இரண்டடி உருண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற வருடம் அவர்தான் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனார். ஒன்பது வருடம் ஆகிறது. தன் பம்ப்செட் ஃபவுண்டரியில் ஆட்களை அதட்டுகிற அதே குரலில்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். "கை வசந்தா, கை! கையில உசுரே இல்லை உனக்கு!" ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான்.

மே 19, ஞாயிறு

அவருடைய அக்கா பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து என் முதுகைத் தடவி, "நீ கூடவே இருந்ததனாலதான் அம்மிணி, எந்தம்பி பொழைச்சான். தனியா ஆடப் போயிருந்தான்னா என்னாயிருக்கும், நெனச்சுப் பாரு" என்றார்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே "கை" என்றார்.

பால் வைக்க உள்ளே போனேன். பக்கத்திலேயே நின்றிருந்தும் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

கை, 16.

ஜூன் 2, ஞாயிறு

ஏழாவது கிரீனுக்கு வெளியே, வேப்ப மரத்துப் பக்கம், நாற்பது பந்து போட்டு அடித்தேன். மூன்று மட்டுமே கிரீனைத் தொட்டன.

கேடி ரங்கசாமி பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். கேடி என்றால் மட்டைப் பை தூக்குபவர்; எங்கள் இருவர் பைகளையும் ஒன்பது வருடமாக அவர்தான் தூக்குகிறார்.

"ஏனுங்கம்மா, பிராக்டீஸ் கிரீனு கிளப்புக்கிட்டயே இருக்குதுங்களே. தெனம் இத்தனை தூரம் ஏழாவதுக்கே எதுக்குங்க வரோணும்?"

"இங்க புல்லு நல்லா இருக்குதுங்க."

அவர் கீழே பார்த்தார். அங்கே பாதிக்கு மேல் கோரை. முப்பது வருடம் புல் பூண்டு பாடம் நடத்தியவள் நான். அவர் அடுத்த பந்தைப் பொறுக்கப் போனார்.

ஜூன் 17, திங்கள்

கை, 9. வெட்ஜ், அதே கதை.

ஜூலை 4, வியாழன்

பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல். தரை ஊறிவிட்டது. காய்ந்த தரையிலாவது பத்தில் ஒன்று தப்பிப் பிழைத்தது. இப்போது மட்டை சேற்றில் கரண்டி போல இறங்குகிறது.

வீட்டுக்கு வந்து பழைய பல்துலக்கியால் மட்டையைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கின்றன: 56, 04. இரண்டாவது அதைச் செய்த மாதம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்த பழைய மட்டை அது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கஞ்சி. பாதி கடைவாயில் வழிந்தது. துடைக்கும்போது என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு "கை, கை" என்றார். "ஆமாங்க, கைதான்" என்று சொல்லி விடுவித்துக்கொண்டேன்.

கை, 19.

ஜூலை 20, சனி

பெங்களூரிலிருந்து ஷெனாஸ் என்று ஒரு பயிற்சியாளர் இரண்டு நாள் முகாமுக்கு வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை ஆறு பந்து அடிக்கச் சொன்னாள். நான் பெயர்த்த மண்ணைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"மேடம், இதுல ஒரு தென்னம்பிள்ளையே நடலாம்."

பிறகு மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "யாரோடது இது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"பவுன்ஸ் நாலு டிகிரிதான் இருக்கு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பவுன்ஸ் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பந்து துள்ளுவதைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஷெனாஸ் மட்டையின் அடிப்பட்டையில் விரலை ஓட்டிக் காட்டினாள்.

"இந்த முன்னோரத்தை விடப் பின்னோரம் எவ்வளவு தாழ்ந்து இருக்குன்றதுதான் பவுன்ஸ். அது ஜாஸ்தியா இருந்தா மட்டை மண்ணைத் தொட்டதும் வழுக்கிட்டுப் போகும். கம்மியா இருந்தா முன்னோரம் கத்தி மாதிரி இறங்கிடும். இது தட்டையா வீசறவங்களுக்கு ஆகும். சார் அப்படி வீசுவாரா?"

"ஆமாங்க."

"நீங்க மேலிருந்து செங்குத்தா இறக்கறீங்க. உங்களுக்குப் பன்னிரண்டு டிகிரியாவது வேணும்."

"எங்க மண்ணு இறுகல். இதுக்கு இந்த மட்டைதான் சரின்னு சொன்னாருங்க."

"தரையைப் பார்த்து எடுத்திருக்கார். உங்களைப் பார்த்து எடுக்கல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப என் கையி?"

"கையில என்ன மேடம்? கையில ஒரு தப்பும் இல்ல."

அவளுடைய பன்னிரண்டு டிகிரி மட்டையைக் கொடுத்தாள். ஈரத் தரை. மட்டை மண்ணை உரசிக்கொண்டு போனது. பந்து எழுந்தது, விழுந்தது, நின்றது. நானும் அப்படியே நின்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்றே அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பது சரியில்லை. கத்தினேன். பழைய மட்டையைக் கட்டில் மேலேயே போட்டு, "நாலு டிகிரி! பாருங்க. ஒம்பது வருஷமா என் கையக் குத்தம் சொன்னீங்களே. என் கையில ஒண்ணுமே இல்லையாமா!" என்றேன்.

ராயப்பன் துணி காயப்போடுவதுபோல வெளியே போய்விட்டார். காயப்போடத் துணி ஏதும் இல்லை.

அவர் மட்டையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து "கை" என்றார்.

"ஆமா, கையி. சொல்லுங்க, சொல்லிட்டே இருங்க."

பேச முடியாத மனிதரிடம் கத்தியிருக்கிறேன். எழுதி வைக்கிறேன். நேற்று கை எத்தனை என்று எண்ணவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் செய்தேன். அவருக்குக் குழைத்து இரண்டு வாய்.

பன்னிரண்டு டிகிரி மட்டை கூரியரில் வந்துவிட்டது. ஏழாவதில் நாற்பது பந்துக்கு இருபத்தேழு. மழை விட்டுத் தரை இறுகிய இடங்களில் மட்டை துள்ளிப் பந்தின் வயிற்றில் அடிக்கிறது, பந்து மறுபக்கம் ஓடிவிடுகிறது. ஆகவே மண்ணைப் பற்றி அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அதையும் எழுத வேண்டும்தானே.

இருபத்தேழு. பிப்ரவரியில் அந்த இருபத்தேழில் ஒன்று விழுந்திருந்தால் போதும்.

இதற்கு மேல் இதில் எழுத முடியாது. பிரிசில்லா படிப்பாள்.

ஆகஸ்ட் 14, புதன்

பிரிசில்லா எண்ணிக்கையை எல்லாம் பார்த்தாள். வெட்ஜ் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப அங்கிள் கடைசியா என்ன பேசிட்டிருந்தாரு?"

"எதுக்கும்மா?"

"சிலருக்கு அந்த நேரத்துல வாயில இருந்த வார்த்தையே அப்படியே நின்னுடும்னு சொல்லுவாங்க. உறுதியா எல்லாம் தெரியாது. முதல்ல அவருக்கு வலது கைதானே மரத்துப் போச்சு? அதைச் சொல்ல வந்திருப்பாரோன்னு தோணுச்சு."

"ஞாபகம் இல்லையேம்மா."

அவர் தலையணையில் சாய்ந்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடை திறந்திருந்தது. பிரிசில்லாவுக்கு வேறு நோட்டு வாங்கிவிட்டேன். இது இனி எனக்கு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு, காலை எட்டு பத்து. ஏழாவது கிரீன். வேப்ப மரத்துப் பக்கம் என் பந்து. முதல் அடி மண்ணில் குத்தியது, பந்து இரண்டடி. இரண்டாவதும் அப்படியே. அவர் கிரீனில் தன் பந்தருகே நின்று கத்தினார்.

"ஒம்பது வருஷம்! மாட்டுக்குச் சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும். கையி, கையி! எத்தனை தடவை சொல்றது?"

நான் பந்தைப் பொறுக்கிப் பையில் போட்டேன். மட்டையைச் செருகினேன். அவர் ஆடி முடிக்கும் வரை நிற்காமல் எட்டாவது குழிக்கான ஆட்டம் தொடங்கும் டீ மேடையை நோக்கி நடந்தேன். ரங்கசாமி பைகளோடு என் பின்னால் வந்தார். இடையில் கொன்றை மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தாண்டினால் ஏழாவது கிரீன் தெரியாது.

மரங்களை நான் நெருங்கும்போது பின்னாலிருந்து கேட்டது. "வசந்தா. கை." சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. "கை."

நான் திரும்பவில்லை.

டீ மேடைப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். "ஐயாவைக் காணமுங்களே" என்றார் ரங்கசாமி. "வருவாருங்க" என்றேன். மறுபடியும் அவர் கேட்டார். "வரும்போது வரட்டும், உக்காருங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்த நேரத்தைச் சொல்லி, என் கண்முன்னால்தான் விழுந்தார் என்றேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் சொல்கிற வார்த்தையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது முறை "கை" என்றபோது அது திட்டுகிற குரல் இல்லை. மெதுவாக இருந்தது. அவர் என்னிடம் மெதுவாகப் பேசியே வருடக்கணக்கு ஆகியிருந்தது. வித்தியாசம் எனக்கு அப்போதே காதில் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். விழுந்தும் நடந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ரங்கசாமியிடம் கேட்டேன். "அன்னைக்கு நாம எட்டாவதுல எத்தனை நேரம் உக்காந்திருந்தோமுங்க?"

அவர் பையைக் கீழே வைத்தார். "பதினெட்டு நிமிசமுங்க."

"அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

"வாச்சைப் பார்த்துட்டேதானுங்களே இருந்தேன். பின்னால ஆடிட்டு வந்தவங்க சத்தம் போட்டப்புறம்தான் ஓடுனோம்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் எதுக்குங்க சொல்லோணும்? நானுந்தான உக்காந்திருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க உக்காருன்னு சொன்னாலும் நான் போய்ப் பார்த்திருக்கலாமுங்க. என்னாலயும் அதை மறக்க முடியலீங்கம்மா."

இத்தனை மாதமாக இந்த மனிதர் தினமும் என் பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் அது இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ராயப்பனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. திட்டறீங்கன்னு நெனச்சேன். இல்ல, திட்டலைன்னும் தெரிஞ்சுது. ரெண்டும்தான். வேணும்னேதான் திரும்பிப் பாக்கல. பதினெட்டு நிமிசம் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கப் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 11, புதன்

மூன்று நாளாக நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. ராயப்பன் ஊட்டினால் சாப்பிடுகிறார்.

கை, 0. நேற்றும் 0. முந்தா நாளும்.

பிரிசில்லா பயந்துபோய் மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. இருந்த ஒரு சொல்லையும் நானே பிடுங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று என் கையிலிருந்து நாலு வாய் ரசம் சாதம். பேச்சில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலையில் நான் ஷூ போடும்போது அவர் சக்கர நாற்காலியில் கூடத்தில் இருந்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டு, வாசலைக் காட்டினார்.

"ராயப்பனையா வெளிய அனுப்பச் சொல்றீங்க?" என்று உளறினேன். அவ்வளவு திகைப்பு. ஐயா தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறார் என்று ராயப்பன் எனக்கு விளக்க வேண்டியிருந்தது.

காரில் போய், கிளப்பின் பேட்டரி வண்டியில் ஏற்றினோம். பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறை. கிளப்பில் எல்லோரும் வந்து அவருடைய இடது கையைக் குலுக்கினார்கள். ரங்கசாமி தூரத்திலேயே நின்று கும்பிட்டார்.

ஏழாவதுக்கு வண்டியை விடச் சொல்லி விரலால் காட்டினார். கிரீனருகே நிறுத்தினோம். தான் விழுந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, வெட்டிய புல்தான்.

வேப்ப மரத்தடியில் பந்தைப் போட்டேன். மட்டை வழுக்கிக்கொண்டு போனது, பந்து கிரீனில் விழுந்து குழிக்கு எட்டடியில் நின்றது. இதை அவர் பார்க்க வேண்டும் என்றுதான் மே மாதத்திலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் பந்தை எடுக்கப் போனேன். வண்டியை இடது கையால் தட்டினார். குழியைக் காட்டினார். ஆடி முடி என்கிறார்.

முதல் தட்டு தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதில் விழுந்தது. அதன் பிறகே வண்டியை எடுக்கத் தலையசைத்தார்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா, தெரியவில்லை. ஆட்டத்தை நடுவில் விடுவது அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

அக்டோபர் 15, செவ்வாய்

காய்ச்சல் 102. சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மகள் அபிராமி ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

அக்டோபர் 19, சனி

பகல் பதினொன்றரைக்குப் போய்விட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

காரியம் முடிந்து, வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்கள் போய்விட்டார்கள். ராயப்பன் வேறொரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். இவருடைய இரண்டு புதுச் சட்டைகளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அழுதார்.

அபிராமி பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். "அத்தை சொல்லிட்டே இருந்தாங்கம்மா, நீங்க மட்டும் அன்னைக்குக் கூட இல்லீன்னா இந்த எட்டு மாசம்கூட அப்பா இருந்திருக்க மாட்டாருன்னு."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், பெஞ்சு வரை.

அவள் கையில் இருந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நிமிசம்?"

"பதினெட்டு."

"டாக்டர்கிட்ட?"

"மாத்திச் சொல்லிட்டேன்."

நாளைக் காலைதான் கிளம்புவதாக இருந்தாள். மாலையே பேருந்து ஏறிவிட்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. அபிராமி அழைக்கவில்லை. மருந்துப் பெட்டியைக் காலி செய்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மைதானத்துக்குப் போனேன். தரை பஞ்சு போல ஊறியிருந்தது. ஒன்பது குழிகளும் தனியாக ஆடினேன். ஏழாவதில் வெட்ஜ் சரியாகவே போனது. சந்தோஷப்பட முயற்சி செய்தேன், முடியவில்லை. ரங்கசாமி நல்லா வந்துச்சுங்க என்றார்.

மதியம் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது அபிராமி அழைத்தாள். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். மழை எப்படி என்றாள். விடவில்லை என்றேன்.

"அம்மா."

"சொல்லு."

"பிளஸ் டூ படிக்கறப்ப ஒருக்கா அப்பா காருல என்னைத் திட்டிட்டே வந்தாரு. சிக்னல்ல கதவைத் தொறந்து எறங்கிப் போயிட்டேன். பின்னாலயே கூப்பிட்டாரு. திரும்பியே பாக்கல. காலேஜ் போனப்புறம் அவரு பேசிட்டிருக்கறப்பவே எத்தனை தடவை ஃபோனை வெச்சிருக்கேன் தெரியுமா? அப்புறம் அவரு கூப்பிடக் கூப்பிட எடுக்க மாட்டேன்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்ப எல்லாம் அவருக்கு ஒண்ணும் ஆகல. அவ்வளவுதான்மா. எனக்கு ஆகல, உங்களுக்கு ஆயிருச்சு." குரல் உடைந்தது. "கோபம் போயிருச்சுன்னு சொல்ல வரலீங்க. இன்னும் இருக்குது."

"இருக்கட்டும் கண்ணு."

அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. அவள் அடுப்பை அணைக்கப் போகவில்லை. என் விரல்களில் தயிர் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. ஃபோனை வைக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.